சேலையில் கிழித்த கொடிகள்

மார்ச் 15, சனி

கச்சதீவு அந்தோனியார் திருவிழாவிலிருந்து மத்தியானம் வந்து சேர்ந்தோம். இன்னும் தலை சுற்றுகிறது. அம்மா இஞ்சித் தேத்தண்ணி தந்தாள், குடித்துவிட்டு எழுதுகிறேன்.

இந்த முறை அந்தோனியாரிடம் வேண்டுதலுக்கு நான் போகவில்லை, சண்டை பிடிக்கத்தான் போனேன். எங்கள் ஊர் சந்தியோகுமுனையின் இளையோர் கழகத்தில் இருந்து ஆறு பேர் போனோம். கழகத் தலைவி நான். அறுந்த வலையில் ஒரு துண்டை உரப்பையில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். வருடத்தில் இந்த இரண்டு நாள்தான் அக்கரைத் தமிழ்நாட்டு ஆட்களும் நாங்களும் கடவுச்சீட்டு இல்லாமல் ஒரே மணலில் நிற்கிறோம். அவர்கள் சேலை கொண்டு வருவார்கள், நாங்கள் சவர்க்காரமும் தேங்காய் எண்ணெயும் கொண்டு போவோம், மாற்றிக்கொள்வோம். மற்ற நாளெல்லாம் அவர்களுடைய இழுவைப் படகுகள், றோலர்கள், எங்கள் வலைக்கு மேலாகத்தான் ஓடும்.

சிலுவைப்பாதை முடிந்ததும் றோலரில் போகிற பெடியன்கள் கூடி நின்ற இடத்தில் வலைத் துண்டை விரித்துப் போட்டேன். "இது என்ரை அப்பாவின்ரை வலை. இதுக்கு என்ன சொல்லப் போறியள்?"

அவர்களில் ஒருவர் குனிந்து அதைக் கையில் எடுத்தார். பெயர் கிளாட்வின். என் வயதுதான் இருக்கும். "நாங்க கூலிக்குப் போறவய்ங்க. போட் எங்களுது இல்ல. ஆனா வலை எங்க கெடக்குன்னு தெரிஞ்சா டிரைவர்கிட்டச் சொல்லி ஒதுக்கிருவோம். ராத்திரியில ஒண்ணுந் தெரியமாட்டேங்குது" என்றார். ஒரு தடவை எங்கள் பக்கத்தில் கடற்படையிடம் பிடிபட்டு, ஒத்திவைத்த தண்டனையோடு வீடு திரும்பியவராம். இன்னொரு தடவை பிடிபட்டால் சிறைதான். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

இரண்டு பக்கமும் கத்திக் கத்திக் கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம், அக்கரையில் மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் தொடங்குவதாக. திங்கள், புதன், சனி றோலர் நாள். அந்தக் காலையில் எங்கள் வலை எங்கே கிடக்கும் என்று நான் அவருக்குக் கைபேசியில் குரல் அனுப்பவேண்டும். குரல் வராவிட்டால் அன்று எங்கள் ஆட்கள் கடலில் இல்லை என்று அர்த்தம். மிதவைக் கொடிகள் எல்லாம் ஒரே நிறமாக இருக்கவேண்டும்.

எந்த நிறம் என்று இழுபட்டபோது கிளாட்வினின் அம்மா ரஞ்சிதம் பையைத் திறந்து ஒரே மாதிரி இரண்டு செம்மஞ்சள் சேலைகளை எடுத்தார். சரிகைக் கரை வைத்தவை. "லைட்டு பட்டா சரிகை மின்னும். ஒண்ணக் கிழிங்க. இன்னொண்ணு உனக்கு, வச்சுக்க. ரொம்பச் சத்தம் போட்டுட்ட, தொண்டை காஞ்சிருக்கும்" என்று தண்ணீர்ப் போத்தலையும் நீட்டினார்.

எனக்குச் செம்மஞ்சள் பிடிப்பதில்லை. என்னுடையதை அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன்.

ஜூன் 16, திங்கள்

அக்கரையில் தடைக்காலம் முடிந்தது. இன்று முதலாவது குரல் அனுப்பினேன். "கோயில் கோபுரத்துக்கு நேர வடக்கால, கல்லுப் பாரைத் தாண்டி நாலு பேரின்ரை வலை. கொடி செம்மஞ்சள்." முன்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிற குரலில் சொல்லிவிட்டேன். பதில் உடனே வந்தது. "சரிங்க டீச்சர்." நக்கல்தான். சரியாக விளங்காததால் அதை இன்னும் சில தடவை போட்டுக் கேட்டேன்.

அப்பா கொடி கட்டமாட்டேன் என்று நிற்கிறார். "எங்கடை வலையை அறுக்கிறவனிட்டை எங்கடை இடத்தைச் சொல்லிக் குடுக்கிறியோ?" என்று கேட்டார். சித்தப்பா மகன் றொக்சனும் இன்னும் மூன்று பெடியன்களும் மட்டும் கட்டிக்கொண்டு போனார்கள்.

ஜூன் 17

நாலு வலையும் முழுசாக வந்தன. றொக்சன் நண்டுப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலால் வேண்டுமென்றே இரண்டு முறை போனான்.

ஜூன் 28

அப்பா வலையைப் பார்த்துக்கொண்டே, "அந்தத் துணி மிச்சம் கிடக்கோ?" என்றார். கிடக்கு என்றேன். வேறு கதை இல்லை. இத்தனை வருடம் றோலர் நாளில் வீட்டில் படுத்துக் கிடந்த மனிதர் இப்போது கிழமையில் எல்லா நாளும் தொழிலுக்குப் போகிறார். அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது.

ஜூலை 19

நீலப்பாலம் என்ற அமைப்பிலிருந்து வெள்ளை வாகனத்தில் வந்தார்கள். இளையோர், சமாதானம், பாதுகாப்பு என்று வாகனத்தின் கதவிலேயே எழுதியிருக்கிறது. பணிப்பாளர் நிரஞ்சலா மேடம் கொழும்புக்காரி. எங்கள் ஏற்பாட்டை யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறார். கரையில் நின்று முழுவதையும் கேட்டுவிட்டு, "இதை நீங்களே செஞ்சீங்களா? பெரியவங்க யாருமே இல்லாமலா?" என்று மூன்று தரம் கேட்டார். கடைசித் தரம் எனக்குச் சுள்ளென்றது. ஆனாலும் நல்ல மனுசிதான். என் இங்கிலிஷ் தெளிவாக இருக்கிறதாம். றொக்சன் திருவிழாவில் எடுத்த படங்களையெல்லாம் வாங்கிக்கொண்டு போனார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கொழும்பு. ஹோட்டலில் குளிரூட்டி நிறுத்தத் தெரியாமல் போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன்.

இன்று உலக இளைஞர் தினமாம். மேடையில் ஏழு பேர் இருந்தார்கள், எல்லோருக்கும் தலை நரைத்திருந்தது. இளைஞர்கள் நாளைய தலைவர்கள் என்றார் ஒருவர். இளைஞர்களின் குரலை நாம் கேட்கவேண்டும் என்று இன்னொருவர் முக்கால் மணித்தியாலம் பேசினார். குரலுக்குச் சொந்தக்காரர்களான நாங்கள் முன்வரிசையில் நீல ரீசேட் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தோம். இளையோர் பேசுகிற நேரம் சாப்பாட்டுக்குப் பிறகு என்று இருந்தது. சாப்பாடு பிந்தியதால் எங்களை மேடையில் ஏற்றிப் படம் எடுத்துவிட்டு முடித்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். படத்தில் சிரிப்பது போலத்தான் தெரியும்.

பிறகு மேடம் என்னைத் தனியே கூப்பிட்டார். செப்டம்பரில் ஜெனீவாவில் ஒரு மாநாடு. இலங்கையிலிருந்து ஒரே ஒரு இளையோர் பிரதிநிதி, அது நான். மூன்று நிமிடப் பேச்சு. விசாவெல்லாம் அவர்கள் பார்ப்பார்களாம்.

ஒரு விதி இருக்கிறது. இனி அக்கரையோடு நேரே தொடர்பு வேண்டாம். எல்லாம் அமைப்பு வழியாகத்தான். சென்னையில் இவர்களுடைய பங்காளி அமைப்பு இருக்கிறதாம், அவர்கள் மீனவர்களுக்குச் சொல்லிக்கொள்வார்களாம். "கொன்சி, இது எல்லை தாண்டின விஷயம். பாதுகாப்புப் பிரச்சினை. பிரதிநிதி நீங்க, உங்க பேர்ல ஒண்ணும் வரக்கூடாது" என்றார். அங்கே எல்லோரும் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

வெளிநாடு போவதில் எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. ஊருக்காகத்தான்.

ஆகஸ்ட் 19

புதுக் கொடிகள் வந்தன. நல்ல தடிப்பான துணி. கடும் நீலம், நடுவில் வெள்ளையில் பாலம், கீழே சந்தியோகுமுனை என்று ஊர்ப்பெயர். பழைய கொடிகளையெல்லாம் கழற்றச் சொன்னார்கள். கிழிந்த சேலை படத்தில் வறுமையாகத் தெரிகிறதாம்.

றொக்சன் கேட்டேவிட்டான். "மேடம், இது கடலுக்குள்ள தெரியாது. கடலும் நீலம்தானே."

"தம்பி, லோகோ வெள்ளையா இருக்கே."

"இரவில?"

மேடம் என்னைப் பார்த்தார். நான் றொக்சனை அதட்டினேன். எல்லாத்துக்கும் குறை சொல்லுவான்.

ஆகஸ்ட் 20, புதன்

குரல் அனுப்பவில்லை. சென்னைக்காரர்கள் சொல்லியிருப்பார்கள்.

ஆகஸ்ட் 26

ஒரு கிழமையாகக் கடுங்காற்று. றோலர்கள் இந்தப் பக்கம் வரவில்லை. வலைகள் பாதுகாப்பாக இருக்கின்றன, மேடத்திடம் சொன்னேன், அறிக்கையில் போடுகிறாராம்.

என் பேச்சு திருத்தி வந்தது. றோலர் என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். வலை அறுந்ததை எடுத்துவிட்டார்கள். சிறை, கடற்படை, கூலி எல்லாம் போய்விட்டன. கச்சதீவு சிக்கலான சொல்லாம், அதுவும் இல்லை. நான் எழுதியதில் கடல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதற்கு முன்னால் நம்பிக்கை என்று ஒரு சொல்லைச் சேர்த்திருக்கிறார்கள். மீனைக் கொடுத்தால் முள்ளைத் திருப்பித் தருகிற ஆட்கள். நன்றி மேடம் என்று பதில் போட்டேன்.

ஜெனீவா குளிராம். அம்மா றொக்சனின் அக்காவிடம் ஸ்வெட்டர் இரவல் கேட்டிருக்கிறாள். ரஞ்சிதம் அம்மா தந்த சேலைக்கு மேற்சட்டை தைக்கக் கொடுத்தேன். வேறு நல்ல சேலை இல்லாததால்தான்.

கைபேசியில் கிளாட்வினின் பெயருக்குப் பக்கத்தில் கேட்காத குரலின் பச்சைப் புள்ளி கிடக்கிறது. திறந்தால் கேட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிடும். திறக்கவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

காற்று விட்டு றோலர்கள் வந்த முதல் இரவே வலைகள் போய்விட்டன. அப்பாவுடையது, றொக்சனுடையது, கரையில் ஏறக்குறைய எல்லோருடையதும். அப்பா இரண்டு மிதவைகளோடும் ஒரு முழக் கயிற்றோடும் வந்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நல்லது. மிதவைகளை வாசலில் வைத்துவிட்டுக் கால் கழுவப் போனார்.

மேடத்துக்குப் போன் எடுத்தேன். சென்னையில் பயிற்சிப் பட்டறை நடத்தி எல்லாம் சொல்லியாகிவிட்டதாம். யாருக்குச் சொன்னீர்கள் என்று கேட்டேன். கல்லூரி மாணவர்களுக்காம். சென்னையில், கல்லூரி மாணவர்களுக்கு. றோலர் எந்தப் பக்கத்தால் ஏறுவது என்று தெரியாத பிள்ளைகளுக்குக் கொடியின் நிறம் சொல்லிக் கொடுத்துச் சான்றிதழும் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இவர்களை நம்பித்தானே இருந்தோம்.

இரவுச் சாப்பாட்டில் அப்பா கேட்டார், "நீ அந்தப் பெடியனுக்குச் சொல்லேல்லையோ?"

குழம்பு அடிப்பிடித்திருந்தது. எழுந்து போய்ப் பார்த்தேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது றொக்சன் செய்தியோடு நின்றான். நேற்று இரவு கடற்படை ஒரு றோலரைப் பிடித்திருக்கிறது, எட்டுப் பேர். அதில் கிளாட்வின்.

றோலரின் மேல்தட்டில் எங்கள் வலைகள் கிடந்தனவாம். கழுவி, சுருட்டி, ஒவ்வொன்றாகக் கட்டி வைத்தபடி. நீலக் கொடிகளும் அப்படியே. புதன்கிழமை அவர்களுடைய மடியில் சிக்கியதை எடுத்துப் பார்த்து, கொடியில் இருந்த சந்தியோகுமுனை என்ற பெயரை வாசித்திருக்கிறார்கள். மடியென்றால் றோலரின் பெரிய வலை. சனிக்கிழமை அதைத் திருப்பித் தரவென்று கிளாட்வின் டிரைவரைக் கெஞ்சி எங்கள் கரைக்குக் கிட்டக் கொண்டுவந்திருக்கிறார்.

இப்படியும் ஒரு மடையன் இருப்பானா. இரண்டாம் தடவை பிடிபட்டால் சிறை என்று தெரியும். தெரிந்துகொண்டு வருகிறார். வலையைக் கடலில் போட்டுவிட்டுப் போயிருக்கலாம், யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். கோயில் மதிலில் கையைக் குத்தினேன். தோல் உரிந்துவிட்டது.

செப்டம்பர் 10

சட்டத்தரணி யசோதரா வீட்டுக்கு வந்தார். பிடிபட்ட எட்டுப் பேருக்காகவும் அவர்தான் நீதிமன்றத்தில் பேசுகிறார். மற்றவர்கள் முதல் தடவை, தப்பிவிடுவார்கள். கிளாட்வினுக்கு இரண்டு வருடம் வரை போகலாம். திருடி வரவில்லை, திருப்பித் தர வந்தான் என்று வலைக்காரர் ஒருவர் வந்து சொன்னால் குறையலாம் என்றார். என் குரல் பதிவுகளும் வேண்டுமாம். பத்தொன்பதாம் திகதி வழக்கு.

என் விமானமும் பத்தொன்பதாம் திகதி.

மேடத்தைக் கூப்பிட்டேன். அமைப்பு ஒரு கடிதம் தரவேண்டும், இது உங்கள் கொடி, உங்கள் திட்டம் என்று சொல்லவேண்டும் என்றேன்.

"கொன்சி, நாங்க நடுநிலை. நீதிமன்ற விஷயத்துல தலையிட முடியாது."

"அவர் உங்கடை கொடியோடைதான் பிடிபட்டவர் மேடம்."

"அதுதான் பிரச்சினை. அந்தக் கொடி படத்துல வந்தா எங்களுக்கு எவ்வளவு சங்கடம் தெரியுமா? குரல் பதிவுகளையும் குடுக்காதீங்க. அது திட்டத்தோட தரவு."

என் தொண்டையால் வந்த குரல் அவர்களுடைய தரவாம். தரையில் கிடந்த மிதவையை உதைத்தேன். அது அப்பாவின் மிஞ்சிய இரண்டில் ஒன்று.

கடைசியாகச் சொன்னார், "நீதிமன்றம் போனா பிரதிநிதியா அனுப்ப முடியாது. உங்க எதிர்காலத்தை யோசிங்க." யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ தெரியாது.

செப்டம்பர் 14

மீனவர் சங்கக் கூட்டம். றோலர்காரனுக்காகச் சந்தியோகுமுனையிலிருந்து ஒருவரும் போகக்கூடாது என்று கத்தினார்கள். அவர்களையும் குறை சொல்லமாட்டேன். வருடக்கணக்காக வயிற்றில் அடிபட்டவர்கள். றொக்சன் எழுந்து, "அவன் எங்களுக்காகத்தான் வந்தவன்" என்றான். இருடா சின்னப் பெடியா என்று உட்காரவைத்தார்கள். கொழும்பில் நீல ரீசேட் போட்டு உட்காரவைத்தார்கள், இங்கே அதுகூட இல்லை. சண்டைக்கு மட்டும் எங்கள் வயது போதுமாக இருக்கிறது.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா, "வெள்ளிக்கிழமை எத்தினை மணி பஸ்?" என்றார்.

செப்டம்பர் 17

பெட்டி அடுக்கினேன். எதற்கும் ஆயத்தமாக இருப்பது நல்லதுதானே.

செப்டம்பர் 18

மேடத்தின் ஆறு அழைப்புகள். எடுக்கவில்லை. பெட்டியிலிருந்த ஸ்வெட்டரை றொக்சனின் அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

நீதிமன்ற வளவில் வேப்பமரத்தடியில் நின்றோம், அப்பா, நான், றொக்சன். எட்டுப் பேரையும் சங்கிலியில் கொண்டுவந்தார்கள். கிளாட்வின் மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் தலையை ஆட்டினார். நான் கீழே பார்த்தேன்.

என் ஜூன், ஜூலைக் குரல்களை மண்டபத்தில் போட்டார்கள். "கொடி செம்மஞ்சள், கொடி செம்மஞ்சள்" என்று பாடுவது போல. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஆகஸ்ட்டில் குரல் நின்றுவிட்டதே என்று அரச தரப்புச் சட்டத்தரணி கேட்டார். அமைப்பு பொறுப்பெடுத்தது என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார்.

பிறகு அப்பா. சான்றுப் பொருளாக வைத்திருந்த வலையைக் காட்டினார்கள். தேய்ந்த செருப்பில் வெட்டிய மிதவைத் துண்டைத் தொட்டு, என்னுடையதுதான் என்றார். மேலே ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று நீதவான் கேட்டார்.

"ஐயா, என்ரை வலையை அறுத்ததும் இவையின்ரை றோலர்தான். அதைக் கழுவிச் சுருட்டிக் கொண்டு வந்ததும் இந்தப் பெடியன்தான். ரெண்டையும் எழுதுங்கோ. ஒண்டை மட்டும் எழுதாதையுங்கோ."

நீதவான் எழுதி முடிக்கும் வரை அப்பா கூண்டை விட்டு இறங்கவில்லை.

ஏழு பேருக்கு ஒத்திவைத்த தண்டனை. கிளாட்வினுக்கு ஆறு மாதம். இதற்குக் கீழே போகச் சட்டத்தில் இடமில்லை என்று நீதவான் சொன்னதாக யசோதரா சொன்னார். இரண்டு வருடம் ஆறு மாதமானது பெரிய விஷயம் என்றும் சொன்னார். எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வலையைத் திருப்பித் தர வந்தவருக்கு ஆறு மாதம், அறுக்கவைத்தவர்களுக்கு ஜெனீவா. இதை எங்கே போய்ச் சொல்வது. வலையும் வரவில்லை, சான்றுப் பொருளாம், உள்ளே பூட்டிவிட்டார்கள்.

வாகனத்தில் ஏற்றும்போது அப்பா கிட்டப் போய்த் தன் சாப்பாட்டுப் பொதியைக் கிளாட்வினிடம் கொடுத்தார். நண்டுக் குழம்பு.

செப்டம்பர் 23, செவ்வாய்

மாநாட்டை நேரலையில் காட்டினார்கள். றொக்சன் கைபேசியைக் கொண்டுவந்து கதிரையில் சாத்தி வைத்தான். என் இடத்தில் கொழும்புப் பிள்ளை ஒன்று. பாவம், அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. திருத்தித் தந்த அதே மூன்று நிமிடத்தை எழுத்துக்கு எழுத்து வாசித்தது. நம்பிக்கைக் கடல். இரு கரை இளையோரின் வெற்றி. பின்னால் பெரிய திரையில் படம் மாறிக்கொண்டிருந்தது. ஒரு படத்தில் கிளாட்வின். றொக்சன் கச்சதீவில் எடுத்தது, கையில் அறுந்த வலைத் துண்டு. வலையை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் வைத்திருந்தார்கள். சிறையில் இருக்கிறவரின் முகத்துக்கு அங்கே எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"இவர்தானே அந்தப் பெடியன்?" என்று அம்மா கேட்டாள். அப்பா கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

நான் அலுமாரியைத் திறந்து சேலையை எடுத்தேன். மேற்சட்டை தைத்து, இஸ்திரி போட்டு, ஒரு தடவைகூட உடுக்காத சேலை. பிடிக்காத நிறம் என்று எழுதியிருக்கிறேன், அது பொய். கண்ணாடிக்கு முன்னால் தோளில் போட்டுப் பார்த்திருக்கிறேன், பலமுறை. கத்தரிக்கோலை வைத்தபோது அம்மா "ஐயோ பிள்ளை" என்றாள். சரிகை ஒவ்வொரு துண்டிலும் வரும்படி வெட்டினேன். றொக்சன் கம்புகளில் கட்டினான். அப்பா இரவல் வலை ஒன்று வாங்கி வந்திருக்கிறார்.

நாளை புதன். பச்சைப் புள்ளியைத் திறக்காமலே அவருடைய எண்ணுக்குக் குரல் அனுப்பினேன். சிறையில் இருப்பவருக்குப் போகாது என்று தெரியும். வேறு எண் என்னிடம் இல்லை. "கோபுரத்துக்கு நேர வடக்கால, பாரைத் தாண்டி ரெண்டு வலை. கொடி பழையபடி செம்மஞ்சள்."

கேட்டதற்கு அடையாளம் உடனே வந்தது. பிறகு குரல். அவருடையது இல்லை, ரஞ்சிதம் அம்மாவுடையது.

"மகளே, அவன் போன் எங்கிட்டதான் இருக்கு. கடலுக்குக் கொண்டுபோக மாட்டான்ல. போட்டுகாரங்க எல்லார்கிட்டயும் சொல்லிர்றேன். ஒங்க வலை மாட்டுன அந்தப் புதன்கெழமை காலையில வாசல்ல உக்காந்து இதையேதான் பாத்துக்கிட்டிருந்தான். ஜெட்டிக்குப் போற பஸ்ஸு வர்ற வரைக்கும் பாத்தான். சத்தம் வரல, அவங்க இன்னைக்குக் கடலுக்குப் போகலபோலம்மான்னு சொல்லிட்டுத்தான் கெளம்புனான். உனக்கு ஒடம்பு சரியில்லயோன்னு நெனச்சேன். நல்லாருக்கியா?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே என் சுகத்தைத்தான் கேட்டார். இத்தனை பக்கம் யார் யாரையோ திட்டி எழுதியிருக்கிறேன். அந்த ஒரு காலையில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று புரட்டிப் பார்த்தேன். செப்டம்பர் மூன்று, அந்தப் புதன்கிழமைக்கு ஒரு வரிகூட இல்லை.

நல்லாயிருக்கிறேன் என்று அனுப்பினேன். அவர் திரும்பவும் பேசினார்.

"இனிமே எனக்கே அனுப்பு மகளே. போகாத அன்னைக்கும், போகலன்னு சொல்லி அனுப்பு."

அனுப்புகிறேன் என்றேன்.